குனிந்து பார்த்து எடுத்த படங்கள்

ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஹாம்பர்க் நகரத்துத் திருவிழா மைதானம். ராட்டினச் சாமான்களை ஏற்றிவரும் பெரிய வண்டியருகே ஐந்து பையன்கள். குட்டையான கறுப்பு மேலங்கி, எண்ணெய் தடவிப் பின்னுக்கு வாரிய தலைமுடி, கையில் கிதார். ஒருவன் கையில் மட்டும் டிரம். ஒருவரும் சிரிக்கவில்லை. ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு, தூங்கப் போவதற்குள் யாரோ கூப்பிட்டார்கள் என்று வந்து நிற்பவர்களின் முகம்.

எனக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது இந்தப் படத்தை முதலில் பார்த்தேன். திண்டுக்கல்லில் அப்பாவின் ஸ்டுடியோவில் காத்திருப்பவர்கள் புரட்டுவதற்காகப் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை எடைக்கு வாங்கிப் போடுவார். அதில் ஒன்றில் இருந்தது. அவர்கள் பாடிய பாட்டு ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்து, படம் கழுவும் டார்க் ரூம் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்தேன். படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு பெயர். அது ஒரு பெண்ணின் பெயர் என்று பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்ட்ரிட் கிர்ஷ்ஹெர். அந்தப் படத்தை எடுத்தபோது அவருக்கு வயது 22.

1960ஆம் ஆண்டின் இலையுதிர் காலம் அது. எதிரில் நின்றவர்களில் ஜான் லெனனும் ஸ்டூவர்ட் சட்க்ளிஃபும் இருபதைத் தொட்டவர்கள். பால் மெக்கார்ட்னிக்கும் டிரம் வாசித்த பீட் பெஸ்டுக்கும் 18. ஜார்ஜ் ஹாரிசனுக்கு 17. பிறகு டிரம் வாசிக்க வந்த ரிங்கோ ஸ்டார் அப்போது வேறொரு குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். பீட்டில்ஸ் என்ற இந்த ராக் இசைக்குழுவின் பெயர் அவர்களுடைய சொந்த ஊரான லிவர்பூலிலேயே பலருக்குத் தெரியாத காலம். புகழ் வந்த பிறகு அவர்களை ஆயிரம் பேர் படம் எடுத்தார்கள். படம் எடுக்க ஒரு காரணமும் இல்லாத நாளில் எடுத்தவர் இவர். என் மனம் இவரிடம் நின்றுவிட்டதற்கு அதுவே முதல் காரணம்.

ஆஸ்ட்ரிட் 1938 மே 20ஆம் தேதி ஹாம்பர்க்கில் பிறந்தவர். போர்க்காலத்தில் பால்டிக் கடற்கரைக்கு அனுப்பப்பட்டிருந்தபோது, கரையில் ஒதுங்கிய பிணங்களைப் பார்த்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பினால் ஊர் இடிந்து கிடந்தது. அந்தத் தலைமுறை ஜெர்மானியப் பிள்ளைகள் தங்கள் பெற்றோர் காலத்து எதையும் எடுத்து உடுத்த விரும்பவில்லை. பாரிஸைப் பார்த்துக் கறுப்பு உடை அணிந்தார்கள், பிரெஞ்சுக்காரர்களின் புத்தகங்களைப் படித்தார்கள், தங்களை இருத்தலியல்வாதிகள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஆஸ்ட்ரிட் அந்தக் கூட்டத்தில் ஒருவர். உடை வடிவமைப்புப் படிக்கத்தான் கல்லூரியில் சேர்ந்தார். அவர் எடுத்த படங்களைப் பார்த்த ஆசிரியர் ரைன்ஹார்ட் வோல்ஃப், நீ புகைப்படப் பிரிவுக்கு வந்துவிடு, படிப்பு முடிந்ததும் என்னிடமே உதவியாளராகச் சேர்ந்துகொள் என்று அழைத்துக்கொண்டார். சொன்னபடியே வேலையும் கொடுத்தார். அப்படி ஒரு ஆசிரியர் வாய்ப்பது பெரும் கொடுப்பினை.

அவருடைய காதலராக இருந்தவர் க்ளாவுஸ் ஃபூர்மான் என்ற ஓவிய மாணவர். ஒரு நாள் இருவருக்கும் சண்டை. கோபத்தில் வெளியே போன க்ளாவுஸ், நல்ல வீட்டுப் பிள்ளைகள் கால் வைக்கத் தயங்கும் சாங்க்ட் பவுலி வட்டாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது, குரோசே ஃப்ரைஹைட் தெருவில் 36ஆம் எண் கட்டடத்தின் அடித்தளத்திலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. கைசர்கெல்லர் என்ற மதுக்கூடம். உள்ளே கப்பல்காரர்கள், அடிதடிக்காரர்கள். மேடையில் லிவர்பூலிலிருந்து வந்த இரண்டு குழுக்கள் மாறி மாறி விடியும்வரை வாசித்துக்கொண்டிருந்தன. க்ளாவுஸ் திரும்பி வந்து ஆஸ்ட்ரிட்டையும் யூர்கன் ஃபோல்மர் என்ற நண்பரையும் வற்புறுத்தி அழைத்துப் போனார். அதன்பிறகு அவர்கள் மூவரும் ஏறக்குறைய ஒவ்வொரு இரவும் அங்கேதான்.

ஆஸ்ட்ரிட்டுக்கு ஆங்கிலம் வராது. பையன்களுக்கு ஜெர்மன் வராது. க்ளாவுஸ் நடுவில் நின்று மொழிபெயர்க்க, உங்களைப் படம் எடுக்கலாமா என்று கேட்டார். அவர்கள் தங்கியிருந்தது பாம்பி கீனோ என்ற சினிமா கொட்டகையில், திரைக்குப் பின்னால், கழிப்பறைக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. கழிப்பறைக் குழாய்த் தண்ணீரில்தான் முகம் கழுவினார்கள். அப்படி இருந்தவர்களிடம் ஒருத்தி வந்து, நாளைக் காலை படம் எடுக்கிறேன், வாருங்கள் என்றால் எப்படி இருந்திருக்கும்! சொன்ன நேரத்துக்கு, தலை வாரி, கிதாரும் டிரம்முமாக வந்து நின்றார்கள்.

அந்தக் காலையைப் பற்றித்தான் நான் நிறைய யோசித்திருக்கிறேன். காரணம் கேமரா.

அவர் பயன்படுத்தியது ரோலிகார்ட் என்ற இரட்டை லென்ஸ் கேமரா. கீழ் லென்ஸ் படம் எடுக்க, மேல் லென்ஸ் பார்க்க. இதைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்ப்பதில்லை. கழுத்தில் மாட்டி, வயிற்றுக்கு நேரே பிடித்து, மேல்மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் தேய்த்த கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். உருவம் இடம் வலம் மாறித் தெரியும். எதிரில் இருப்பவர் ஒரு பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் மறுபக்கம் போவார். புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தலை சுற்றும். அப்பாவிடம் இருந்த யாஷிகா மாட்டும் இந்த இனம்தான். நான் தொழில் பழகியது அதில்.

இந்தக் கேமராவின் அருமை, எடுக்கிறவர் தலையைக் குனிந்துகொள்வதில் இருக்கிறது. கண்ணில் கேமராவை வைத்து ஒருவரைக் குறிபார்த்தால் எதிராளி விறைத்துப் போவார். அல்லது இல்லாத சிரிப்பை வரவழைத்துக்கொள்வார். குனிந்து நிற்பவரிடம் அந்தப் பயம் வராது. கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் அவர் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார், நாம் பாட்டுக்கு நிற்போம் என்று தோன்றும். கொஞ்ச நேரத்தில் முகம் தன் இயல்புக்கு வந்துவிடும். இன்னொன்று, வயிற்றின் உயரத்திலிருந்து எடுப்பதால் எதிரில் நிற்பவர் சற்றே ஓங்கித் தெரிவார். கழிப்பறைக்குப் பக்கத்தில் படுத்து எழுந்து வந்த பையன்கள் அந்தப் படங்களில் இளவரசர்கள்போல் நிற்பதற்கு இது ஒரு காரணம். அவர்களை அப்படிப் பார்த்த மனம் இன்னொரு காரணம்.

ஒரு சுருளில் 12 படங்கள்தான். எல்லாம் சதுரம். ஒவ்வொன்றுக்கும் பிலிம் நகர்த்தும் குமிழைத் திருக வேண்டும், ஷட்டரைத் தனியாக ஏற்ற வேண்டும். அதற்குள் எதிரில் இருப்பவர் மூச்சு விடுவார், தோளைத் தளர்த்துவார். அவர்களோடு பேசப் பொது மொழியும் இல்லை. இப்படி நில், அந்தப் பக்கம் திரும்பு என்பதைக் கையாலும் கண்ணாலும்தானே சொல்லியிருக்க முடியும்? மௌனமாக வேலை நடந்திருக்கும். அந்த மௌனம் படத்தில் தெரிகிறது. காது கிழியும் சத்தத்தில் பிழைப்பு நடத்திய ஐந்து பேரை, அவர்களுடைய சத்தமே இல்லாத ஒரு நேரத்தில் நிறுத்திப் பார்த்திருக்கிறார். ராக் இசைக்காரர்கள் என்றால் மேடையில் துள்ள வேண்டும், வியர்க்க வேண்டும், வாயைத் திறந்து கத்த வேண்டும் என்று எண்ணிப் படம் எடுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதில் பாதிப் படங்கள் அடுத்த வருடமே பழசாகிவிடுகின்றன.

அன்றைய சுருள்களில் எனக்கு மிகப் பிடித்தது குழுப்படம் அல்ல. ஜான் முன்னால் கிதாரோடு இருக்கிறார். பின்னால் சற்றுத் தள்ளி ஸ்டூவர்ட், குவியத்துக்கு வெளியே, மங்கலாக. இரண்டு நண்பர்கள். ஒருவர் தெளிவு, ஒருவர் மூட்டம். ஆஸ்ட்ரிட் அப்போதே ஸ்டூவர்ட்டின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். மனதில் இருந்தவரை ஏன் மங்கலாக விட்டார்? பல வருடங்களாக இந்தக் கேள்வியோடு அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: நேசிக்கிறவரை நேராகப் பார்க்கக் கூச்சப்படும் நாட்களில் எடுத்த படம் அது.

மைதானத்தில் வேலை முடிந்ததும் எல்லோரையும் வீட்டுக்கு அழைத்துப் போனார். பீட் பெஸ்ட் மட்டும் டிரம்முக்குத் தோல் வாங்க வேண்டும் என்று போய்விட்டார். மற்ற நால்வருக்கும் ஆஸ்ட்ரிட்டின் அம்மா தேநீரும் பன்றி இறைச்சி வைத்த சான்ட்விச்சும் கொடுத்தார். அன்று மட்டும் அல்ல, பிறகும் அந்த வீட்டில்தான் அவர்களுக்கு ஒழுங்கான சாப்பாடு. ஆஸ்ட்ரிட்டின் அறையைப் பார்த்து மலைத்துப்போனார்கள். கட்டில், மேசை எல்லாம் கறுப்பு. சுவரில் வெள்ளித் தாள். கூரையிலிருந்து பெரிய மரக்கிளை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

நெற்றியில் விழும்படி வாரிய பீட்டில்ஸ் தலைமுடியைக் கண்டுபிடித்தவர் ஆஸ்ட்ரிட் என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். அவரே அதை மறுத்திருக்கிறார். ஹாம்பர்க் ஓவிய மாணவர்கள் பலர் அப்படித்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டூவர்ட்டுக்கு வெட்டிவிட்டவர் இவர். ஜானுக்கும் பாலுக்கும் மறு வருடம் பாரிஸில் யூர்கன் ஃபோல்மர் வெட்டிவிட்டார். ஒரு பெண் செய்த பெரிய காரியம் இருக்க, முடி வெட்டியதைப் பிடித்துக்கொண்டு பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. யூர்கனும் நல்ல புகைப்படக்காரர்தான். 1961இல் ஒரு வாசற்படியில் ஜானைச் சாய்ந்து நிற்கவைத்து, பால், ஜார்ஜ், ஸ்டூவர்ட் மூவரையும் குறுக்கே நடக்கச் சொல்லி, ஷட்டரை மெதுவாக வைத்து எடுத்தார். நடந்தவர்கள் கரைந்து போனார்கள், ஜான் மட்டும் நிலைத்து நின்றார். 14 வருடம் கழித்து ஜான் தன் இசைத்தட்டு ஒன்றின் அட்டைக்கு அந்தப் படத்தையே தேர்ந்தெடுத்தார்.

இப்போது வெளிச்சத்துக்கு வருகிறேன்.

ஆஸ்ட்ரிட் வீட்டுக்குள் எடுத்த முகப்படங்களில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது. முகத்தின் ஒரு பாதி துலக்கம், மறுபாதி இருட்டு. அந்த இருட்டை நிரப்ப எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டையோ இரண்டாவது விளக்கோ வைப்பது எல்லா ஸ்டுடியோவிலும் வழக்கம். அவர் வைக்கவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில் நானும் இதைச் செய்து பார்த்தேன். பக்கத்துத் தெரு அக்கா ஒருவருக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் தேவைப்பட்டது. அப்பா வெளியூர் போயிருந்தார். டார்க் ரூம் கதவில் ஒட்டிய படம் மனதில் ஓட, விளக்குகளை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரமாக அக்காவை உட்கார வைத்து எடுத்தேன். பிரிண்ட் தண்ணீரிலிருந்து மேலே வந்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. அக்காவின் முகத்தில் அத்தனை ஆழம் இருப்பதை நான் அதற்கு முன் கவனித்ததே இல்லை. மறுநாள் அப்பா பிரிண்ட்டைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்னம்மா இது, இந்தக் கன்னம் எங்கே?”

“அப்படித்தான் எடுத்தேன் அப்பா.”

“இந்தப் பக்கத்தில் ஏதோ குறை இருக்கிறது, அதனால்தான் மறைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள் அம்மா. அந்தப் பெண்ணின் வாழ்க்கை.”

அவர் சொன்னது சரி. அவரே இலவசமாக இன்னொரு படம் எடுத்துக் கொடுத்தார். இரண்டு விளக்கு, இரண்டு கன்னமும் பளிச். அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. ஜன்னல் ஓரத்துப் படத்தை அவர் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இன்றும் வைத்திருக்கிறார்.

ஆஸ்ட்ரிட்டுக்கு மாப்பிள்ளை வீட்டைத் திருப்திப்படுத்தும் கட்டாயம் இல்லை. யாருக்கும் விற்பதற்காகவும் அவர் எடுக்கவில்லை. அந்தச் சுதந்திரத்தில் பிறந்த பாதி வெளிச்சம் மூன்று வருடத்தில் உலகம் முழுக்கப் போய்விட்டது. 1963 நவம்பர் 22ஆம் தேதி வெளியான பீட்டில்ஸின் இரண்டாவது இசைத்தட்டின் அட்டையில், கறுப்புப் பின்னணியில், பாதி இருண்ட நான்கு முகங்கள். எடுத்தவர் ராபர்ட் ஃப்ரீமன் என்ற திறமைசாலி. அவரும் ஓட்டல் ஒன்றின் ஜன்னல் வெளிச்சத்தில்தான் எடுத்தார். ஆனால் அந்த முகங்களை அப்படிப் பார்க்கலாம் என்று ஹாம்பர்க்கில் முதலில் காட்டியவர் ஆஸ்ட்ரிட். அந்த அட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

1960 நவம்பரில் ஆஸ்ட்ரிட்டுக்கும் ஸ்டூவர்ட்டுக்கும் நிச்சயமானது. அதே மாதம் ஜார்ஜுக்கு இன்னும் 18 ஆகவில்லை என்று போலீஸார் நாடு கடத்தினார்கள். சில நாளில் பாலும் பீட்டும், தங்கியிருந்த இடத்துக்குத் தீ வைக்க முயன்றதாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஸ்டூவர்ட் ஆஸ்ட்ரிட்டின் வீட்டில் தங்கிவிட்டார். அவர் பிறவி ஓவியர். பாஸ் கிதார் அவருக்கு நண்பனுக்காகத் தூக்கிக்கொண்ட சுமை. 1961இல் குழுவை விட்டு விலகி, ஹாம்பர்க் கலைக் கல்லூரியில் எடுவார்டோ பவோலோட்ஸி என்ற சிற்பியிடம் மாணவராகச் சேர்ந்தார். ஆஸ்ட்ரிட்டின் அம்மா மாடி அறையை ஓவியம் வரைய ஒதுக்கிக் கொடுத்தார். அங்கே இரவு பகலாக வரைந்தார். தலைவலி வரத் தொடங்கியது. பிறகு வெளிச்சமே தாங்க முடியாத தலைவலி. மருத்துவர்களால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. 1962 ஏப்ரல் 10ஆம் தேதி மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸில் ஆஸ்ட்ரிட் உடன் போனார். மருத்துவமனை போய்ச் சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது. மூளையில் இரத்தக் கசிவு. வயது 21.

மறுநாள் ஜான், பால், பீட் மூவரும் அடுத்த சுற்று நிகழ்ச்சிகளுக்காக ஹாம்பர்க் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் ஜானிடம் செய்தியைச் சொன்னவர் ஆஸ்ட்ரிட்தான். இரண்டு நாளில் அவர்கள் ஸ்டார் கிளப்பில் மேடை ஏற வேண்டியிருந்தது. ஏறினார்கள்.

சில நாட்கள் போனபின் ஜானும் ஜார்ஜும் ஸ்டூவர்ட் வரைந்துகொண்டிருந்த மாடி அறைக்குப் போனார்கள். ஆஸ்ட்ரிட் அங்கே அவர்களைப் படம் எடுத்தார்.

எங்கள் ஊர்ப்பக்கம் சாவு வீட்டில் படம் எடுக்க ஸ்டுடியோக்காரரைக் கூப்பிடுவது வழக்கம். இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, மகன்களும் மகள்களும் சுற்றி நின்று ஒரு படம். இறந்தவரின் ஒரே படமாகவும் அது சில வீடுகளில் இருக்கும். எனக்குப் பதினேழு வயதில் அப்படி ஒரு வீட்டுக்கு அப்பாவோடு போனேன். அழுகைச் சத்தத்துக்கு நடுவே அவர் ஸ்டாண்டை விரித்து, குனிந்து, நிதானமாகக் குவியம் பார்த்தார். திரும்பி வரும் வழியில் கேட்டேன்: “கை நடுங்காதா அப்பா?”

“நடுங்கும். ஸ்டாண்டு எதற்கு இருக்கிறது?”

எங்கள் கதையில் சாவு அடுத்தவர் வீட்டுச் சாவு. ஆஸ்ட்ரிட் எடுத்தது தன் வீட்டுச் சாவை. தனக்கு நிச்சயமானவரின் அறையில், அவருடைய ஆருயிர் நண்பனை உட்கார வைத்து, ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழ, குனிந்து, குவியம் பார்த்து, ஷட்டரை ஏற்றி எடுத்திருக்கிறார்.

ஜான் உட்கார்ந்திருக்கிறார். மேடையில் கெட்ட வார்த்தை பேசி, முகத்தைக் கோணி, எல்லோரையும் சீண்டும் ஜான் அதில் இல்லை. வாய் மூடியிருக்கிறது. கண்கள் எதையும் பிடித்துக்கொள்ள முடியாமல் நிற்கின்றன. அவருக்குப் பின்னால் ஜார்ஜ் நிற்கிறார். அவருக்கு அப்போதுதான் 19. குழுவில் எல்லோரிலும் சின்னவர். ஆனால் அந்தப் படத்தில் அவர்தான் பெரியவர். அண்ணன் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் தம்பிபோல் பின்னால் நிற்கிறார். முகத்தில் கலக்கம் இருக்கிறது, ஆனால் நிமிர்ந்து நிற்கிறார். இருட்டுப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. நிரப்பு விளக்கு வைத்திருந்தால் அறையின் மூலையில் ஓவியத் தாங்கியும் வண்ணமும் துணியும் தெரிந்திருக்கலாம். அவை தெரியாததால் அந்த அறையில் இல்லாதவர் அந்த இருட்டில் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அறுபதுகளின் இசைக்காரர்களை எடுத்த படங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவில் ஜிம் மார்ஷல், லண்டனில் பதின்ம வயதிலேயே ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவைப் படம் எடுக்கத் தொடங்கிய கெரெட் மான்கோவிட்ஸ், நியூயார்க்கில் லிண்டா ஈஸ்ட்மன் என்று பெரிய கைகள் பல. எல்லோரையும் மதிக்கிறேன். அந்த மாடி அறைப் படத்துக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு இன்னொன்று கிடைக்கவில்லை.

பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை. 1964இல் பீட்டில்ஸ் உலகத்தின் உச்சியில் இருந்தபோது ஜெர்மனியின் ஸ்டெர்ன் பத்திரிகை அவர்களைப் படம் எடுக்க ஆஸ்ட்ரிட்டை அனுப்பியது. மாக்ஸ் ஷேலர் என்ற புகைப்படக்காரரும் உடன் போனார். லிவர்பூலில் இருவரும் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள்: எல்லா இசைக்குழுக்களும் செயின்ட் ஜார்ஜ் மண்டபத்துக்கு வாருங்கள், வரும் ஒவ்வொரு இசைக்காரருக்கும் ஒரு பவுண்டு. வந்து நின்ற குழுக்கள் 200க்கு மேல். கையில் இருந்த பணம் போதவில்லை. புகழ் பெற்ற நால்வரைத் தேடி வந்த இடத்தில், புகழ் பெறாத நூற்றுக்கணக்கான பையன்களையும் கூப்பிட்டு நிற்கவைத்துப் படம் எடுக்கத் தோன்றியதே, அதுதான் ஆஸ்ட்ரிட்.

ஆனால் அதற்குப் பிறகு பத்திரிகைகள் அவரிடம் கேட்டதெல்லாம் பீட்டில்ஸ் படம் மட்டும். புதிதாக எதை எடுத்துக்கொண்டு போனாலும் பார்க்க ஆளில்லை. பழைய படம் குவியம் தப்பியதாக இருந்தாலும் பரவாயில்லை, பீட்டில்ஸ் இருந்தால் போதும் என்றார்கள். பெண் என்பதால் கதவுகள் இன்னும் இறுக்கமாக இருந்தன என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அறுபதுகள் முடிவதற்குள் படம் எடுப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டார். முப்பது வயதைத் தொடும்போது! பிறகு மதுக்கூடத்தில் வேலை பார்த்தார், வீட்டு உள்அலங்காரம் செய்தார், இசைப் பதிப்பு நிறுவனத்தில் இருந்தார். நெகட்டிவ்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்தார். அவர் படங்கள் அனுமதி இல்லாமல் புத்தகங்களிலும் அட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் அச்சாகிக்கொண்டே இருந்தன. அப்படி இழந்தது 5 லட்சம் பவுண்டு வரை இருக்கும் என்று, பிற்காலத்தில் அவரோடு தொழில் பங்காளியாக இருந்து நெகட்டிவ்களைத் தேடிச் சேர்த்த உல்ஃப் க்ரூகர் கணக்குச் சொன்னார்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பத்திரிகை நான் எடுத்த கிராமத்துக் கூத்துக் கலைஞர்களின் படங்களைப் பெயர் போடாமல் இருமுறை வெளியிட்டது. கேட்டபோது, படம் வந்ததே பெரிது என்று சந்தோஷப்படுங்கள் என்றார்கள். நான் வாயைத் திறக்காமல் திரும்பி வந்தேன். என் நெகட்டிவ் உறையில் என் பெயர்கூட இல்லை என்பதால் எதைக் காட்டிச் சண்டை போடுவது என்று தெரியவில்லை.

ஆஸ்ட்ரிட் 2020 மே 12ஆம் தேதி ஹாம்பர்க்கில் காலமானார். 82ஆவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருந்தது. செய்தி தெரிந்த நாள் மாலை அப்பாவின் பழைய டார்க் ரூமைத் திறந்தேன். அப்பா போய்ச் சில வருடம் ஆகிவிட்டது. படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் துணி போர்த்திக் கிடந்தது. கதவின் உட்புறத்தில் நான் ஒட்டிய பக்கம் பழுப்பேறி, ஓரங்கள் சுருண்டு, ஆனால் விழாமல் இருந்தது. படம் கழுவும் ஹைப்போ மருந்தின் வாடை இன்னும் போகவில்லை.

அலமாரியின் அடித்தட்டில் பிஸ்கட் டப்பாக்கள். மொத்தம் பதினொன்று. எல்லாவற்றிலும் பட்டர் பேப்பர் உறைகளில் நெகட்டிவ்கள். அப்பா எடுத்தவை, நான் எடுத்தவை, எது யாருடையது என்று பிரிக்காதவை. சில உறைகளில் தேதி உண்டு. பலவற்றில் எதுவும் இல்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்காருகிறேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகம் தெரிந்தால் பெயர், ஊர், வருடம், எடுத்தவர் என்று உறையில் எழுதுகிறேன். தெரியாவிட்டால் அம்மாவிடம் காட்டுவேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இது நாகல்நகர்ப் பெரியம்மா வீட்டுக் கல்யாணம், எடுத்தது நீதான், அன்றைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல்” என்பார்.

ஏழு டப்பா முடிந்திருக்கிறது.